அவர் சாப்பிட்டுவிட்டுப் போன வீடு

அக்கா,

எதிர்ச்சாரியில் சாம்பிராணி போட்டுவிட்டார்கள். நாளை பொங்கல். இன்று உங்கள் கம்போங் குடியிருப்பில் வீட்டுக்கு வீடு பார்ச்சு, போனவர்களுக்குப் படையல். காஜா பேராங் சாலை முழுக்க மீன்குழம்பு வாசனையும் புகையும் கலந்து கிடக்கிறது. ஜன்னலைச் சாத்தினேன். சாத்திய பிறகும் வருகிறது. வந்தால் வரட்டும் என்று பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

உங்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்பது எனக்கு மறந்துவிடவில்லை. நெற்றியில் பொட்டு, கழுத்தில் தாலி, பேர்கூட நம் சாமி பேர். வாயைத் திறந்தால் மலாய். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று, மலாய்ப் பெண்கள் போடுகிற கெபாயா போட்டுக்கொண்டு பக்கத்து நாற்காலியில் இருந்த உங்களிடம், "உங்களுக்கு எந்த ஊருங்க?" என்று தமிழில் கேட்டுவைத்தேன். நீங்கள் சிரித்துவிட்டு, "இந்த ஊர்தான். எங்கள் ஆட்கள் வந்து எத்தனை தலைமுறையோ, யார் கண்டார்கள்" என்று மலாயில் சொன்னீர்கள். அன்று முதல் கடைசி வரைக்கும் மலாயில்தான் பேசிக்கொண்டோம். 'அக்கா' என்று நான் கூப்பிட்டதும் 'அடேக்', தங்கை, என்று நீங்கள் கூப்பிட்டதும் தவிர மிச்சமெல்லாம் மலாய். ஆனால் எனக்குக் கோபம் தமிழில்தான் ஒழுங்காக வரும். இன்று உங்கள் மேல் கொஞ்சம் கோபமாக இருக்கிறேன். அதனால் தமிழிலேயே எழுதுகிறேன்.

அந்தப் புத்தகத்தை ரோசலின்தான் கொண்டுவந்தாள். போர்த்துகீசியக் குடியிருப்புப் பெண், நமக்கு எதிர் நாற்காலி. அவள் அண்ணன் சிங்கப்பூரிலிருந்து வாங்கி அனுப்பிய இங்கிலீஷ் நாவல். வரும்போதே அட்டை போயிருந்தது. நட்சத்திரத்துக்குப் பயணம் போகிற விஞ்ஞானக் கதை. பத்திரிகையில் ஆகா ஓகோ என்று எழுதியிருந்தார்களாம், அந்தத் துண்டையும் வெட்டி உள்ளே வைத்திருந்தாள். மெர்டேக்கா, சுதந்திரம், வரப்போகிறது, கொடி ஏறப்போகிறது என்று ஊரே பேசிக்கொண்டிருந்த மாதங்கள் அவை. டிரங்க் கால் மேல் டிரங்க் கால். இருந்தாலும் நடுவில் கிடைத்த நேரத்தில் நான் முந்தி நீ முந்தி என்று அந்தப் புத்தகத்துக்கு அடித்துக்கொண்டோம்.

முழுப் புத்தகத்தை மடியில் மறைத்துப் படிக்க முடியாது. சூப்பர்வைசர் பின்னாலேயே நடந்துகொண்டிருப்பார். கால்வாசிப் புத்தகம் என்றால் சுவிட்ச்போர்டு ஓரத்துக்கு அடியில் அடங்கிவிடும். ரோசலின் பிளேடை எடுத்தாள், முதுகைக் கிழித்து நாலு பங்கு போட்டாள், ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டோம்: அவள், நான், அப்போதுதான் நிச்சயம் ஆகியிருந்த சரோஜா, நீங்கள். படித்து முடித்ததும் மாற்றிக்கொள்வது என்று ஏற்பாடு. உங்கள் கைக்கு முதலில் வந்தது கடைசிப் பங்கு. "பின்னாலிருந்து யாராவது கதை படிப்பார்களா? இந்தாங்க, என்னுடையதை எடுத்துக்கொள்ளுங்கள்" என்றேன். "இருக்கட்டும் அடேக். கதை எங்கே ஓடிவிடப் போகிறது" என்று சொல்லிவிட்டீர்கள். அன்றைக்கு உங்கள் பேச்சைக் கேட்காமல் பிடுங்கியிருக்க வேண்டும்.

கதை உங்களுக்கு மறந்திருக்காது. ஒருவர் பெண்டாட்டியை விட்டுவிட்டு நட்சத்திரத்துக்கு ராக்கெட்டில் போகிறார். அவருக்குச் சில வருஷம்தான். இங்கே பூமியில் தலைமுறைகள் ஓடிவிடுகின்றன. கடைசியில் திரும்பி வருகிறார். ஊர் அடையாளம் தெரியவில்லை. நடந்து நடந்து தன் வீடு இருந்த இடத்துக்கு வருகிறார். அங்கே ஒரு வீடு, கதவு திறந்திருக்கிறது. மேசையில் ரொட்டியும் சூப்பும் சூடு ஆறாமல் இருக்கின்றன. கூப்பிடுகிறார், ஒருவரும் இல்லை. உட்கார்ந்து சாப்பிடுகிறார். தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விடுகிறார். அவ்வளவுதான், புத்தகம் முடிந்தது. வீட்டுக்காரர்கள் எங்கே போனார்கள் என்று ஒரு வார்த்தை கிடையாது. அந்தப் பத்திரிகைக்காரர், இப்படியொரு தனிமையை இதுவரை யாரும் எழுதியதில்லை என்று எழுதியிருந்தார்.

நாலு பேரும் நாலு பங்கையும் முடித்த பிறகு, ஓய்வு அறையில் டீ ஆற ஆறச் சண்டை போட்டோம்.

"சாப்பிட்டாரு, கையத் துடைச்சாரு, கெளம்பிட்டாரு. நட்சத்திரத்துக்குப் போனாலும் ஆம்பளைங்க புத்தி மாறாது போல" என்றாள் சரோஜா.

ரோசலின் சிலுவை போட்டுக்கொண்டாள். கடைசித் தீர்ப்பு நாள் வந்துவிட்டதாம், கடவுள் எல்லாரையும் மேலே கூப்பிட்டுக்கொண்டாராம், இந்த மனுஷன் வானத்தில் சுற்றிக்கொண்டிருந்ததால் இவனை மட்டும் விட்டுவிட்டாராம்.

எனக்கு அதெல்லாம் இல்லை. என் அப்பா ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி. கம்யூனிஸ்ட்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலத்தில் எங்கள் தோட்டத்து லயத்து ஆட்களை லாரியில் ஏற்றி முள்வேலிக்குள் கொண்டுபோய் வைத்த அன்று நான் அங்கே இருந்தேன். லாரி போன பிறகு பார்த்தால் ஒரு வீட்டு அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. இறக்கிவைக்கக்கூட விடவில்லை. சூடான சாப்பாடு இருந்து ஆள் இல்லாமலிருந்தால், யாரோ வந்து அள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள் என்று அர்த்தம். அதைத்தான் சொன்னேன். என் குரல் கொஞ்சம் ஏறிவிட்டது போல. மற்ற இருவரும் டீயைக் குடிக்க ஆரம்பித்தார்கள்.

நீங்கள் கடைசியாகப் பேசினீர்கள். "யாரும் சாகவில்லை. யாரும் அள்ளிக்கொண்டு போகவில்லை. வீட்டுக்காரர்கள் வெளியில்தான் நிற்கிறார்கள். பியார் டியா மாக்கான்." அவர் சாப்பிடட்டும் என்று.

சரோஜா சிரித்துவிட்டாள். ரோசலினும் சிரித்தாள். கடைசிப் பங்கை முதலில் படித்த கோளாறு என்று நான் சொன்னேன்: "வந்த ஆளைச் செத்தவர் என்று நினைத்துக்கொண்டீர்கள் அக்கா. அவர் உயிரோடு வந்தவர்." நீங்கள் ஒத்துக்கொண்டீர்கள், முதலில் அப்படித்தான் நினைத்தேன் என்று. பிறகு, "ஆனால் வீட்டில் இருக்கிறவர்களுக்கு அது எப்படித் தெரியும்? அவர் இருக்கிறாரா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. தெரியாத ஆளுக்கும் பசிக்கும்தானே?" என்று கேட்டீர்கள். உங்கள் முகத்தைப் பார்த்த பிறகு யாரும் சிரிக்கவில்லை.

உங்கள் புருஷனை ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனது எங்களுக்குத் தெரியும். உடம்பும் வரவில்லை, சேதியும் வரவில்லை. உங்கள் மாமியார் அவர் இருக்கிறார் என்றே வைத்திருந்தார். நீங்களும் பொட்டோடும் தாலியோடும் இருந்தீர்கள். எனக்குத் தெரியாமலிருந்தது பார்ச்சு விஷயம். எங்கள் வீட்டிலும் செத்தவர்களுக்குப் படைப்போம். ஆனால் கும்பிட்டுக்கொண்டு கூடவே நிற்போம். நீங்கள் அப்படி இல்லை. இலைகளைப் போட்டு, அவரவருக்குப் பிடித்ததை வைத்து, சாம்பிராணி காட்டி, எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிடுவீர்கள். போனவர்கள் கூச்சமில்லாமல் சாப்பிட வேண்டும் என்று. அந்த வரிசையில் உங்கள் புருஷனுக்கு மட்டும் இலை கிடையாது. போட்டால் செத்துவிட்டான் என்று ஆகிவிடும், மாமியார் விடவில்லை.

"இருந்தால் நல்லது, அடேக். எங்கேயாவது யாராவது சோறு போடுவார்கள்" என்றீர்கள் அன்று வேலை முடிந்து நடந்து வரும்போது. "இல்லாவிட்டால், இத்தனை வருஷமாக எல்லா வீட்டிலும் சாப்பாடு நடக்கிறது, அவர் மட்டும் பசியோடு நிற்கிறார்."

கதைப் புத்தகத்தை வைத்துக்கொண்டு வீட்டில் வம்பை விலைக்கு வாங்காதீர்கள் என்று எத்தனை தடவை சொன்னேன். கேட்டீர்களா? கொடி ஏறி, ஊர் அடங்கி, அடுத்த பொங்கல் வந்தது. முதல் நாள் பார்ச்சுக்கு என்னையும் வரச் சொன்னீர்கள்.

உங்கள் வீட்டுக் கூடத்தில் பாயை விரித்து இலை போட்டுக்கொண்டிருந்தீர்கள். நீங்கள் 'மாக்', அம்மா, என்று கூப்பிடுகிற மாமியார் மூலையில் உட்கார்ந்து வெற்றிலை இடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். வரிசையில் ஓர் இலை கூடுதலாக விழுந்ததும் உலக்கை நின்றுவிட்டது.

"அது யாருக்கு?"

"உங்கள் மகனுக்கு, மாக்."

"என் மகன் சாகவில்லை."

"சாகவில்லை, மாக். ரொம்பத் தூரம் போயிருக்கிறார்." சோற்று அகப்பையைக் கையில் வைத்துக்கொண்டே அந்தக் கதையைச் சொன்னீர்கள். நட்சத்திரத்துக்குப் போனவர், அவருக்குச் சில வருஷம், வீட்டில் இருந்தவர்களுக்கு யுகம். நான் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். நீங்கள் அதைப் பக்கத்துத் தெருவில் நடந்த சேதி போலச் சொன்னீர்கள்.

கிழவி கேட்டார்: "திரும்பி வந்தானா?"

"வந்தார்."

"வீட்டுக்குள் வந்தானா?"

"வந்தார்."

"சாப்பிட்டானா?"

"வயிறு நிறைய, மாக்."

கிழவி எழுந்து சமையல்கட்டுக்குப் போனார். திட்டப்போகிறார், பாத்திரத்தைத் தூக்கி எறியப்போகிறார் என்று நான் பயந்தேன். சிஞ்சாலோக் பாட்டிலோடு வந்தார். அந்தப் புளித்த கூனியில் வெங்காயமும் மிளகாயும் நறுக்கிப் போட்டு எலுமிச்சை பிழிந்து அந்த இலையில் வைத்தார். "அவனுக்குப் புளிப்பு தூக்கலாக இருக்கணும்" என்று இன்னொரு மூடியும் பிழிந்தார்.

எல்லாரும் வெளியே வந்தோம். கதவைச் சாத்தினார்கள். கிழவி கதவுக்கு முதுகைக் காட்டி நின்றார், மகன் சாப்பிடுவதைத் தாய் பார்த்தால் கண்பட்டுவிடுமாம். கொஞ்ச நேரம் கழித்து உங்கள் மைத்துனர் கதவைத் தட்டிவிட்டுத் திறந்தார். கிழவிதான் முதலில் உள்ளே போனார். அந்த இலை முன்னால் குனிந்து பார்த்தார். வைத்தது வைத்தபடி இருந்தது. அந்த வரிசையில் எல்லா இலையும் வருஷா வருஷம் அப்படித்தான் இருக்கும், அது அவருக்குத் தெரியாதா என்ன? ஆனால் அன்று தரையில் உட்கார்ந்து, மகன் பேரைச் சொல்லி, ஜப்பான்காரன் காலத்திலிருந்து அடக்கிவைத்த அழுகையை எல்லாம் அழுதார். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தீர்கள். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை, சொல்லாமல் கிளம்பி வந்துவிட்டேன்.

பொங்கல் கழித்து நீங்கள் வேலைக்கு வந்தபோது நெற்றி வெறுமையாக இருந்தது. கழுத்தும். நான் ஓய்வு அறைக்கு இழுத்துக்கொண்டு போய்ச் சண்டை பிடித்தேன். "பசி ஆற வேண்டும் என்றுதானே இலை போட்டீர்கள்? இது எதற்கு? யார் கேட்டது?"

"அவர் சாப்பிட்டுவிட்டார், அடேக். சாப்பிட்டவர் கிளம்பத்தானே வேண்டும்" என்றீர்கள்.

அதற்குப் பிறகு உங்களுக்கு எதிலும் பிடிப்பு இருக்கவில்லை. மறுக்காதீர்கள், கூடவே உட்கார்ந்திருந்தவள் நான். கிழவி முதலில் போனார். பிறகு உங்களுக்கு அந்த இருமல். ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது தலையணைக்கு அடியில் நாலாம் பங்கு இருந்தது. மற்ற மூன்றும் எங்கே போயினவோ. ரோசலினும் அண்ணனிடமே சிங்கப்பூர் போய்விட்டாள், சரோஜா கல்யாணம் ஆகிக் கிள்ளான் போய்விட்டாள். "இன்னுமா இதைப் படிக்கிறீர்கள்?" என்றேன். "நீ இன்னும் அந்த லாரியைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாயா?" என்று திருப்பிக் கேட்டுவிட்டு, அதை என் கைப்பையில் செருகினீர்கள்.

கம்போங்கில் மைத்துனர் வீட்டில் இந்நேரம் உங்களுக்கு இலை போட்டிருப்பார்கள். குறை சொல்லவில்லை. ஆனால் துக்காங் எமாஸ் சாலைக் கோயிலுக்குப் பக்கத்துக் கடைத் தோசை என்றால் உங்களுக்கு உயிர் என்பதும், அதைச் சட்னியைத் தள்ளிவிட்டுச் சீனி தொட்டுத்தான் தின்பீர்கள் என்பதும் அந்த வீட்டில் யாருக்குத் தெரியும்? நான் அதற்கே உங்களை எத்தனை திட்டு திட்டியிருக்கிறேன்.

இவ்வளவையும் எழுதிவிட்டு எழுந்து போனேன். காலையிலேயே தோசை வாங்கி வைத்திருந்தேன். இலை போட்டு, தோசையை வைத்து, பக்கத்தில் சீனியும் வைத்தேன். இன்னொரு இலையில் அவருக்குச் சோறும் சிஞ்சாலோக்கும். அந்த நாற்றம் எனக்கு ஆகாது, மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் பாட்டிலைத் திறந்தேன். எலுமிச்சை இரண்டு மூடி. வெளியே வந்து கதவைச் சாத்தினேன். இப்போது வாசல் படியில் உட்கார்ந்து மடியில் வைத்து இதை எழுதுகிறேன்.

பக்கத்து வீட்டு அம்மா கோலப்பொடி வாங்கிக்கொண்டு வந்தவர் நின்றுவிட்டார். "என்னம்மா, பூட்டிட்டு வெளிய உக்காந்திருக்க? வீட்டுல ஆள் இல்லையா?"

"இருக்காங்க. சாப்பிடுறாங்க" என்றேன்.

அவர் கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போய்விட்டார்.

கதையின் முடிவைப் பற்றி நான் சொன்னது சொன்னதுதான், அக்கா. அந்த வீட்டுக்காரர்களை லாரி வந்துதான் கொண்டுபோனது. அதில் மாற்றமில்லை. இன்னும் கொஞ்ச நேரத்தில் வெயில் இறங்கிவிடும், எழுந்து கதவைத் தட்ட வேண்டும். உள்ளே இலை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். கிழவி அன்று பார்த்த மாதிரிதான் இருக்கும். அதனால்தான் இன்னும் தட்டவில்லை. நீங்கள் மெதுவாகச் சாப்பிடுங்கள்.