உவரிக்கு ஒரு பவர் சப்ளை

பாளையங்கோட்டை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் கெசியாவுக்கு,

கர்த்தர் கிருபையால் நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். உங்கள் சுகத்தை அறிய விரும்புகிறோம். போனில் உன் குரலைக் கேட்டால் கேட்க நினைத்ததை விட்டுவிடுவேன். ஆகவே எழுதுகிறேன்.

உன் கணவர் டார்லின் தம் மாதிரி விமானத்தின் பேட்டரிக்குச் சார்ஜர் வாங்கியிருப்பதாகவும், அதற்கு மின்சாரம் கொடுக்கும் பவர் சப்ளை உவரியிலோ திசையன்விளையிலோ கிடைக்கவில்லை என்றும், நான் திருநெல்வேலியில் பார்த்து வாங்கி அனுப்ப வேண்டும் என்றும் முந்தாநாள் செய்தி அனுப்பியிருந்தாய். சுவரில் நேராகச் செருக முடியாத பொருளைச் சார்ஜர் என்று எப்படி விற்றார்கள் என்பது என் முதல் ஐயம். விசாரித்ததில், இந்த வகைச் சார்ஜர்கள் பலவும் அப்படித்தான் வருமாம். ஏற்றுக்கொண்டேன்.

ஆனால் விளையாட்டு விமானத்துக்கு இருபத்து நான்கு வோல்ட், பதினைந்து ஆம்பியர் எதற்கு? அத்தனை பெரிய பேட்டரி எதைத் தூக்கப் போகிறது? விமானத்தில் கேமரா உண்டா? அணுமின் நிலையம் உள்ள கரை அது. யாருடைய அனுமதியோடு பறக்கவிட்டாய் என்று நாளை ஒருவர் கேட்டால், அந்தக் கேள்வி உன் வாசலுக்கும் வரும்.

இன்னொன்றும் உறுத்தியது. விவரம் தேவையென்றால் அவரிடமே போன் செய்து கேளுங்கள் என்று இரண்டு முறை சொல்லியிருந்தாய். உங்கள் திருமணத்துக்குப் பிறகு அவரும் நானும் பேசிக்கொண்டதில்லை என்பது உனக்குத் தெரியாததல்ல. நான் அவரிடம் கேட்கவில்லை. நேரே திருநெல்வேலி ஜங்ஷன் கடைவீதிக்குப் போனேன்.

முதல் கடையில், விளம்பரப் பலகை விளக்குக்குப் போடும் துளையிட்ட தகரப்பெட்டியை எடுத்து வைத்தார்கள். கம்பி மாட்டும் திருகுகள் மூடியின்றி வெளியே தெரிந்தன. எர்த் எங்கே என்றேன். "எர்த்தெல்லாம் வேண்டாம் சார், சும்மா சொருவிப் பாருங்க" என்றார் விற்பனையாளர். படுக்கையறையில் நீ தூங்கும்போது அது ஓடிக்கொண்டிருப்பதை நினைத்துப் பார்த்தேன்; வெளியே வந்துவிட்டேன். அடுத்த கடையில் காட்டிய பெட்டியில் பதினைந்து ஆம்பியர் என்று ஒட்டியிருந்த தாளின் ஓரத்தை நகத்தால் நெம்பினேன். அடியில் இன்னொரு தாள்; அதில் பத்து ஆம்பியர்.

கடைசியாக, முன்பு நான் வழக்கு நடத்திக் கொடுத்த என் பழைய கட்சிக்காரர் கோமதிசங்கர் கடைக்குப் போனேன். அங்கேயும் என் விரல் அவர் எடுத்து வைத்த பெட்டியின் தாள் ஓரத்துக்குப் போவதைக் கண்டு, "நல்லா நெம்பிப் பாருங்க வக்கீலய்யா, அடியில தகரந்தான் இருக்கு" என்று சிரித்தார். பெட்டி தாங்குமா என்று காட்ட, லாரி முகப்பு விளக்குகளை அதில் இணைத்து எரியவிட்டார். எரிந்துகொண்டிருக்கும்போது நீ அனுப்பிய விவரத்தை வாங்கிப் படித்தார்.

"இதே சாமானத்தப் போன வாரந்தான் உவரிக்காரரு ஒருத்தரு வாங்கிட்டுப் போனாரு. ஏரோப்ளேன் விடுதவரு. டார்லின்னு பேரு போட்டு பில்லும் வாங்கிக்கிட்டாரு. உங்கள மாரியே நோண்டி நோண்டிக் கேட்டாரு பாத்துக்கிடுங்க. மத்தியானம் வரைக்கும் லைட்ட எரியவிட்டு, பெட்டியில கைய வச்சு வச்சுப் பாத்துட்டுல்லா எடுத்தாரு! வீட்டுல முழுகாம இருக்காவளாம், சூடாயி எதும் ஆயிரக் கூடாதுன்னாரு."

விளக்குகளை அணைத்ததும் நானும் அந்தப் பெட்டியில் கையை வைத்துப் பார்த்தேன்.

ஆக, நீ கேட்ட பொருள் ஒரு வாரமாக உன் வீட்டிலேயே இருக்கிறது. என்னை அவரோடு பேசவைப்பதற்காக, இல்லாத குறை ஒன்றைச் சொல்லியிருக்கிறாய். இது அவருக்குத் தெரியுமா என்பதிலும் எனக்குச் சந்தேகம் உண்டு. தெரியாது என்றே நினைக்கிறேன்.

இருந்தபோதிலும் ஒன்று வாங்கிவிட்டேன். மேசைமேல் இருக்கிறது. பார்சலில் அனுப்புவதாக இல்லை. சார்ஜரோடு சேர்த்து ஓட்டிப் பார்க்காமல் பொருத்தமா என்று எவ்வாறு சொல்வது? மாப்பிள்ளை சார்ஜரை எடுத்துக்கொண்டு நேரில் வரட்டும். கேமரா உண்டா இல்லையா என்பதை நானே அவரிடம் கேட்டுக்கொள்கிறேன். நீயும் உடன் வா. பஸ் வேண்டாம். கார் பேசிக்கொள்ளுங்கள், பைய ஓட்டச் சொல்.

கோமதிசங்கர் கடைசியாகச் சொன்னது வெறும் கேள்விப்பட்ட செய்தி. நேரில் அறிந்தவர் வந்து சொல்லாதவரை அதைச் சான்றாக ஏற்பது என் வழக்கமல்ல. எனவே அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. சாப்பிடாமல் என்ன யோசனை என்று இரண்டு தடவை கேட்டுவிட்டாள். அதிக நாள் மறைக்க என்னால் ஆகாது. சீக்கிரம் வந்து உன் வாயால் சொல்.

வரும் வழியில் கர்த்தர் உங்கள் மூவரோடும் இருப்பாராக.

அன்புள்ள அப்பா,
எபனேசர்