முடிசூட்டு முரசில் மூழ்கிய விடை

மழை தவறாது பெய்க! செங்கோல் வளையாது நிற்க! விண்ணும் மண்ணும் செவி சாய்த்துக் கேட்கத்தக்கதும், இதற்கு முன் எழுதப்பட்ட ஓலைகளை எல்லாம் அடுப்பெரிக்க மட்டுமே உதவும்படி செய்யத்தக்கதுமான பெருஞ்செய்தி ஒன்று அறிவிக்கப்படுகிறது.

ஏழு குன்றம் ஆள்பவரும் (அவற்றுள் ஒன்று தங்கள் நாட்டில் இருப்பினும்), பகைவர் கனவிலும் களிறேறி வருபவருமாகிய வெண்கோட்டு வேந்தர் இளஞ்செம்மானார் திருவாய்மொழிப்படி, அவர்தம் தலைமை அமைச்சன் நன்னாகன், குறுமலை நாட்டுத் தலைமை அமைச்சர் கீரந்தையாருக்கு வணங்கி விடுக்கும் ஓலை. தங்கள் வேந்தரும் தேவியாரும் யானைகளும் நலமே வாழ்க.

எம் நாட்டில் இடையாற்றுப் பூதனார் என்று ஒருவர் இருக்கிறார். ஆட்சி எதன்மேல் நிற்கிறது என்று ஆராய்ந்து நூல் ஒன்று இயற்றினார். சட்டம் அரசனுக்கு மூத்தது. ஏரிக்கரைமேல் நிற்பவன் கரைகாவலனே அன்றிக் கரை ஆகான். கரையை வெட்ட அவனுக்கும் உரிமை இல்லை என்பது அதன் சாரம். இம்மட்டோடு நிறுத்தியிருந்தால் எவரும் படித்திருக்க மாட்டார்கள். அடுத்த ஏட்டிலேயே, அரசனை அரசனாக்குவது தலைமேல் வைக்கும் முடியன்று, அதற்குமுன் அவன் வாயால் சொல்லும் விடையே என்று எழுதிவிட்டார்.

எம் வழக்கம் தாங்கள் அறிந்ததே. முடி சூட்டுமுன் ஊர்ச்சபையார் வேந்தரை மூன்று வினாக்கள் வினவுவர். விசாரியாமல் தலை கொய்வாயோ? எம்மைக் கேளாமல் போருக்கு அழைப்பாயோ? உன் பிழையை உன்னிடம் சொல்ல விடுவாயோ? வேந்தர் விடை பகர்வார். சரியாக அந்நேரம் பார்த்து முரசு முழங்கும். பதினோரு தலைமுறையாக அவ்விடை எவர் காதிலும் விழுந்ததில்லை. எம் வேந்தர் முடிசூடிய அன்று யான் மூன்றடி தொலைவில்தான் நின்றேன். வாய் அசைந்தது, அதுவரை சத்தியம் செய்வேன்.

நூலைப் பிறர் சொல்லக் கேட்ட படைத்தலைவர் கொற்றங்கிழார், பூதனார் தலையைச் சீவியே தீர்வேன் என்று அவையில் சூளுரைத்தார். பூதனாரோ பதறவில்லை. விசாரியாமல் கொய்யேன் என்று வேந்தர் அன்று சொல்லியிருந்தால் முதலில் விசாரிக்க வேண்டும் என்றும், கொய்வேன் என்று சொல்லியிருந்தால் அவர்க்கு முடியே சேராது, பின்பு கொய்யச் சொல்ல அவர் யார் என்றும், எதைச் சொன்னார் என்று கேட்டுச் சொல்லுங்கள், அதுவரை சற்று உட்காரலாமா ஐயா, முழங்கால் கடுக்கிறது என்றும் கூறினார்.

அவை முழுதும் வேந்தர் பக்கம் திரும்பியது. வேந்தர் மோவாயைத் தடவினார். முரசு அடிக்கும்போது வாயை அசை, அது போதும் என்று தந்தையார் சொன்னதாகவும், அசைத்ததாகவும் திருவாய் மலர்ந்தார்.

சினம் பிறக்கும் என்று அஞ்சினோம்; ஆவல் அல்லவா பிறந்தது! பாட்டனார் என்ன சொல்லியிருப்பார், அவர்தம் பாட்டனார் என்ன சொல்லியிருப்பார் என்று அன்றுமுதல் வேந்தருக்கு வேறு நினைவில்லை. முரசை நிறுத்திவிட்டு இப்போதே விடை சொல்லலாமே என்று யான் பணிந்துரைத்தேன். அப்படியானால் சென்ற ஒன்பது ஆண்டு இந்நாட்டை ஆண்டது யார் என்று என்னையே திருப்பிக் கேட்டார். யான் எழுத்தாணியை எடுத்தேன்.

ஆகவே அறிய வேண்டுவது: தங்கள் நாட்டிலும் இதே வினாக்கள் உண்டென்று கேள்வி. அங்கு முரசு எப்போது முழங்கும்? தங்கள் வேந்தர் சொன்ன விடை யார் காதிலாவது விழுந்ததுண்டா? விழுந்திருப்பின் சொல் பிசகாமல் எழுதி விடுக்க. எம் வேந்தர் மனப்பாடம் செய்யச் சித்தமாக இருக்கிறார்.

தங்கள் மறுமொழி வரும்வரை பூதனார் தலை பூதனார் கழுத்தின்மேலேயே இருக்கக் கடவது; படைத்தலைவர் வாள் உறைக்குள்ளேயே உறங்கக் கடவது. இது வெண்கோட்டு வேந்தர் ஆணை. களிற்று இலச்சினை பொறித்து, அரக்கிட்டு, அவையோர் அறிய விடுக்கப்பட்டது.

இவ்வாணை செல்லுமா என்று பூதனாரிடமே கேட்டோம். செல்லாது என்றார்.