பிடி அரிசிக் கஞ்சி

ஜங்லிகாட்

அன்புள்ள அம்மாவுக்கு,

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். உங்கள் முட்டுவலி எப்படி இருக்கிறது? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார்களா? போனில் சொன்னால் என் கம்மிய குரலைக் கேட்டே பயந்துவிடுவீர்கள் என்றுதான் எழுதுகிறேன். போன வாரம் எனக்குக் கொஞ்சம் காய்ச்சல். இப்போது சரியாகி, படகுப் பட்டறை வேலைக்குப் போகிறேன்.

உங்களைப் போலவே நானும் உலை வைக்கும்போதெல்லாம் கோயிலில் ஏழைகளுக்குக் கொடுக்கவென்று ஒரு பிடி அரிசியை டப்பாவில் போட்டு வருகிறேன். காய்ச்சலில் கிடந்த அன்று அறையில் வேறு அரிசி இல்லை, வெளியே பேய்மழை. கூடத் தங்கியிருக்கும் ஈஸ்வரன் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தான். குடித்து முடித்த பிறகுதான் அரிசி ஏது என்று கேட்டேன்.

“கடையெல்லாம் பந்த்ண்ணே. அந்த டப்பால இருந்துச்சு, போட்டுட்டேன். ஏன், சாமி அரிசியா?” என்று முழித்தான்.

காணிக்கையைத் தின்றுவிட்டேனே என்று முதலில் பதறினேன். அப்புறம் யோசித்துப் பார்த்தேன். பசித்த ஒருவனுக்குப் போகத்தானே அந்த அரிசி? அன்றைக்கு அந்த ஒருவன் நான்தான். கர்த்தர் என்னை மறக்கவில்லை, அம்மா. படுத்தபடியே நன்றி சொன்னேன்.

குடும்ப ஜெபத்தில் என் பெயரைக் கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள். ஊரிலிருந்து இந்தத் தீவுக்குக் கப்பலில் வருகிற யாரிடமாவது நார்த்தங்காய் ஊறுகாயும் மூடி இறுக்கமான ஒரு டப்பாவும் கொடுத்துவிடுங்கள். பட்டறையில் கூப்பிடுகிறார்கள், முடிக்கிறேன்.

உங்கள் மகன்,
ஜெபசிங்

டப்பா பெரிதாகவே இருக்கட்டும். இப்போது ஈஸ்வரனும் ஒரு பிடி போடுகிறான். அவன் கை பெரிது.