உன் அப்பா மீன் எண்ணப் போகிறார்

அன்புள்ள கோராவுக்கு, அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் உன் அப்பாவும் சுகம். அவர் முழங்காலுக்குத்தான் சுகமில்லை, வாய்க்கு ஒரு குறையுமில்லை. அலாஸ்கா குளிரில் நீ காதை மூடிக்கொண்டு சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

இதை நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்ந்து படி. உன் அப்பா சரணாலயத்துக்குப் போய் மீன் எண்ணுகிறார். ஊற்றில் இருக்கிற அந்தப் பொடி நீல மீனைத்தான். அதற்குத் தண்ணீர் குறைந்துவிடும் என்று நமக்கு இரண்டாவது கிணறு தோண்ட அனுமதி மறுத்தார்களே, அன்றிலிருந்து முப்பது வருஷமாக அதைத் திட்டியவர். அதற்குப் பரிந்து பேசினாய் என்று உன்னோடு சண்டை பிடித்து, நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்வரை விடாதவர்.

மார்ச்சில் யாரோ கம்பெனிக்காரர்கள் வந்து சரணாலய வேலிக்கு அரை மைல் தள்ளிக் குச்சி நட்டு, ரோஜா நிற நாடா கட்டினார்கள். லித்தியம் இருக்கிறதா என்று பார்க்க முப்பது இடத்தில் துளை போடுவார்களாம். உன் அப்பாவுக்கு ஒரே குஷி, மீனுக்கு வந்தது வினை என்று. அவர்களுடைய இன்ஜினியர் ப்ரெஸ்காட்டைச் சாப்பிடவே கூப்பிட்டுவிட்டார். நானும் பீன்ஸும் மக்காச்சோள ரொட்டியும் செய்து வைத்தேன். சாப்பிடும்போது, அடியில் தண்ணீர் வந்தால் என்ன செய்வீர்கள் என்று உன் அப்பா சும்மாதான் கேட்டார். அங்கே வெறும் களிமண்தான், தண்ணீரே கிடையாது என்றான் அவன். அதே களிமண்ணில் இருபத்திரண்டு வருஷம் துளை போடும் வேலை பார்த்தவரிடம் சொல்கிறான்! தான் போட்ட ஒரு துளையில் தண்ணீர் பீறிட்டு, எத்தனை சிமெண்ட் கொட்டியும் அடங்காமல் இன்றுவரை ஓடுவதை இவர் சொன்னார். அவன் வாயைத் துடைத்துக்கொண்டு, "எங்க பேப்பர்ல அப்படி ஒண்ணும் இல்லையே சார்" என்றான். உன் அப்பா முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். ரொட்டி மிச்சம் வைத்ததை இந்த வீட்டில் அன்றுதான் பார்த்தேன்.

மறுநாள் காலையில் அவனை அந்தத் துளைக்கே அழைத்துப் போயிருக்கிறார். பளபளக்கிற புது பூட்ஸோடு போனவன் முழங்கால்வரை சேற்றில் இறங்கிவிட்டானாம். இவர் உடனே கை கொடுக்கவில்லை. இது தண்ணியா பேப்பரா, சொல்லு, அப்புறம் தூக்கிவிடுறேன் என்றாராம். தண்ணிதான் சார் என்று அவன் மூன்று தரம் சொன்ன பிறகுதான் தூக்கிவிட்டார். அதை அவன் கையாலேயே எழுதியும் வாங்கியிருக்கலாம், பேனா கொண்டு போகவில்லை என்று வழியெல்லாம் புலம்பல்.

அடுத்த வாரம் அரசாங்க நிலத்துறைக்காரர்கள் இந்தத் துளைகளைப் பற்றி ஊர்க் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். இஸ்திரி போட்ட சட்டையில் இவர் எழுந்ததும், சரணாலய அதிகாரி இனெஸ் தலையில் கை வைத்துக்கொண்டாள், கம்பெனிக்குத்தான் பேசப் போகிறார் என்று. இவர் துளையின் கதையைத் தேதியோடு சொல்லிவிட்டு, "எனக்கு அந்த மீனக் கண்டாலே ஆகாது. இன்னிக்கும் ஆகாது. ஆனா அது நீந்துற தண்ணியத்தான் நான் குடிக்கிறேன்" என்றார். நான் பின் வரிசையில் கைக்குட்டையைக் கடித்துக்கொண்டு இருந்தேன், சிரிப்புக்கா அழுகைக்கா என்று எனக்கே தெரியவில்லை.

முழு ஆய்வு முடியும்வரை ஒரு துளையும் கூடாது என்று போன மாதம் கடிதம் வந்துவிட்டது. கம்பெனிக்காரர்கள் இயந்திரத்தை ஏற்றிக்கொண்டு போனார்கள். திரும்பி வருவார்கள், எனக்குச் சந்தேகமே இல்லை. அதற்குள் மீன் கணக்கு சரியாக இருக்க வேண்டும் என்று இனெஸ் கவலைப்பட்டாள். "சரணாலய ஆட்களுக்கு மீன் எண்ணவே தெரியாதுன்னு ஊரில் பேச்சு என்று இவர் காதில் விழும்படி சொல், மீதியை அவரே பார்த்துக்கொள்வார்" என்று அவளுக்கு நான்தான் சொல்லிக் கொடுத்தேன். இப்போது வாராவாரம் ஊற்றுக்கு மேலே போட்ட பலகையில் குப்புறப் படுத்து எண்ணுகிறார். இதை அவரிடம் போட்டுக் கொடுத்துவிடாதே.

குளிருக்கு நல்ல காலுறை வாங்கிக்கொள், வேளாவேளைக்குச் சாப்பிடு. கடவுள் உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும். உறை ஒட்டப் போகும்போது உன் அப்பா பக்கத்தில் வந்து நின்றார். உனக்கு ஏதாவது எழுத வேண்டுமா என்றேன். நீ சொன்னதுதான் சரி என்று எழுத அந்த மனுஷனுக்குக் கை வராது. ரொம்ப நேரம் தாடையைச் சொறிந்துவிட்டு, நூற்றுப் பதினான்கு, அதில் ஒன்பது குஞ்சு, அவளுக்கு எழுது என்றார்.

உன் அம்மா,
வெர்னா