லிண்டிஸ் மலைப்பாதைக்கு ஒரு டூட்டி சார்ட்

சங்கரன்கோவில்
ஆனி 9, செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் பிரியாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே கோமதியம்மன் புண்ணியத்தில் நானும் அம்மாவும் சுகம், அவளுடைய முழங்கால் வலியும் மத்தியானக் கரண்ட் கட்டும் தவிர வேறு குறை ஒன்றுமில்லை, நியூசிலாந்துக் குளிரில் நீயும் உன் வீட்டுக்காரரும் தும்மாமல் இருமாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். தினமும்தான் வீடியோவில் மூஞ்சியைப் பார்க்கிறோமே, எதற்கு ஸ்பீடு போஸ்ட் செலவு என்று நீ கேட்பாய். போனில் நான் நாலு வார்த்தை பேசுவதற்குள் உன் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள், அதோடு இந்த விஷயத்தை வாயால் சொல்ல எனக்கு வராது. உன் வீட்டுக்காரர் ஓட்டும் வண்டியில் அப்பா ஏறுவாரா மாட்டாரா என்று மூன்று வருஷமாக நீ கேட்காமல் கேட்டுக்கொண்டிருக்கிறாயே, அதற்குப் பதில்தான் இந்தக் கடிதம். ஆனால் அவசரப்பட்டுக் கடைசிப் பக்கத்தைப் புரட்டாதே, முதலில் இருந்து படி, நான் மூன்று நாள் உட்கார்ந்து எழுதியது.

டிக்கெட் வந்ததிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை மக்கா. எட்டு நாள், நாலு பேர், படுக்கை அடுப்பு எல்லாம் உள்ளேயே இருக்கிற ஒரு வேன், போகிற வழியெல்லாம் பனி! முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டியவன் நான், தீபாவளியா பொங்கலா பள்ளிக்கூட லீவா, ஊரார் குடும்பத்தை எல்லாம் குற்றாலத்துக்கும் கன்னியாகுமரிக்கும் கொண்டுபோய் இறக்கியிருக்கிறேன், நம் வீட்டு ஆட்களை ஒரு தடவை கூட்டிப்போனதில்லை. உனக்கு அந்த வருத்தம் உண்டு என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இந்தக் கூத்து. தெருவில் ஒருத்தர் விடாமல் சொல்லிவிட்டேன், ஒருத்தர்கூட நம்பவில்லை. ஆடி மாதம் பனிப் பிரதேசத்துக்குப் போகிறோம் என்றால் எவன் நம்புவான்? என்னோடு பன்னிரண்டு வருஷம் கண்டக்டராக இருந்த மைதீன் பாட்சாவே, என்னவே சுப்பு, ஆடி மாசத்துல பனி பெய்யுற ஊரு உலகத்துல எங்கன இருக்கு, ஒம்ம மருமவன் ஒம்மளக் கேலி பண்ணுதான்வே என்று சிரிக்கிறார். பூமிப் பந்துக்குப் பதில் ஒரு சாத்துக்குடியை வைத்து, நாம் மேலே, அவர்கள் கீழே, வெயில் இந்தப் பக்கம் அடித்தால் அந்தப் பக்கம் குளிர் என்று அரைமணி நேரம் விளக்கினேன். அவர் எல்லாம் கேட்டுவிட்டு, சாத்துக்குடியை உரித்துத் தின்றுவிட்டுப் போய்விட்டார். குரங்குக் குல்லா வாங்கப் போன கடையிலும் இதே கதைதான், கார்த்திகையில வாங்க அண்ணாச்சி, இப்ப ஸ்டாக் இல்ல என்கிறார் கடைக்காரர். உன் அம்மா மட்டும் ஒரே பிடியாக நிற்கிறாள், கோமதியம்மன் கோயில் ஆடித்தபசுத் திருவிழா பார்க்காமல் ஊரைத் தாண்ட மாட்டாளாம். தபசு முடிந்து மூன்றாம் நாள்தான் விமானம் என்று நீ பார்த்துப் போட்டாயே, அதற்கு உனக்குப் பெரிய கும்பிடு. ஊறுகாயை ஏர்போர்ட்டில் பிடுங்கிக்கொள்வார்கள் என்று நீ சொன்னதில் மட்டும் அவளுக்கு உன் மேல் கோபம், ரெண்டு நாள் கழித்துப் பேசு.

நீ அனுப்பிய படத்தில் வேனின் அளவு ஏழு மீட்டருக்கு ரெண்டு மீட்டர் என்று போட்டிருந்ததா, அதை அப்படியே மொட்டைமாடியில் சாக்பீஸால் வரைந்துவிட்டேன். படுக்கை இங்கே, அடுப்பு அங்கே, கக்கூஸ் மூலையில். அம்மாவை உள்ளே நிற்கச் சொல்லி, தோசை சுடு, இப்போ திரும்பு, இப்போ படு என்று ஒத்திகை பார்த்தேன். அவளும் முதலில் முறைத்தாள், பிறகு கோட்டுக்குள் நின்றுகொண்டு, இங்கன ஒரு ஆணி அடிங்க, கரண்டி மாட்டணும் என்கிறாள். அடுத்த வீட்டு மாடியில் துணி காயப்போட வந்தவர்கள் எங்களை ஒரு மாதிரி பார்த்துவிட்டு இறங்கிப்போய்விட்டார்கள். அது மட்டுமா, பனியில் வண்டி வழுக்காமல் இருக்க டயருக்குச் சங்கிலி மாட்ட வேண்டுமாமே, அதற்கு ஒரு பழைய லாரி டயரை வாங்கி மாடியில் ஏற்றி, கயிறு கட்டித் தூக்கி நிறுத்தி, தினமும் பயிற்சி எடுக்கிறேன். குளிரில் விரல் மரத்துப்போகுமாமே, அதற்காகக் கூல்டிரிங்ஸ் கடையில் ஐஸ் கட்டி வாங்கி, பக்கெட்டில் அஞ்சு நிமிஷம் கையை முக்கிவிட்டுத்தான் சங்கிலியைத் தொடுவது. முதல் நாள் நாற்பது நிமிஷம் ஆயிற்று, இப்போது பதினொன்று. மைதீன் பாட்சா வாட்சைப் பார்த்துக்கொண்டு விசில் ஊதுகிறார். மேலே கொளுத்துகிற வெயில், தலையில் பழைய மஃப்ளர், கையில் ஐஸ், இதைப் பார்த்துவிட்டு உன் அம்மா, இந்த மனுசன நான் எப்படி அங்க கொண்டு சேக்கப் போறேனோ என்று தலையில் அடித்துக்கொள்கிறாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். டெப்போவில் எழுதுகிற மாதிரியே எட்டு நாளைக்கும் ஒரு டூட்டி சார்ட் எழுதினேன். முதல் நாள் கிறைஸ்ட்சர்ச்சில் இருந்து டெகாப்போ ஏரி, புறப்பாடு காலை 4.10, டீக்கு நிறுத்தம் பத்து நிமிஷம், டிரைவர் சங்கரசுப்பு. ரெண்டாம் நாள் டிரைவர் சங்கரசுப்பு. மூன்றாம் நாளும் அதே. எட்டு நாளும் என் பெயர்தான். ஏன் என்று உனக்குத் தெரியும். உன் கல்யாணத்தன்று மாப்பிள்ளை தானே காரை எடுத்துக்கொண்டு நம் வாசலுக்கு வந்து, மாமா ஏறுங்க என்று கதவைத் திறந்துவிட்டு நின்றார். அவன் ஓட்டுத வண்டியில ஏறுததுக்கு வேற ஆளப் பாக்கச் சொல்லுங்க என்று தெருவே கேட்கச் சொல்லிவிட்டு, மண்டபத்துக்கு டவுன் பஸ்ஸில் வந்தேன். நம் பஸ்தான், டிக்கெட் எடுத்துத்தான் வந்தேன், அதில் வேறு எனக்கு ஒரு பெருமை. அவர் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர், நீங்களே முடிவெடுத்துவிட்டு அப்புறம் என்னிடம் சொன்னீர்கள், இந்த ரெண்டும்தான் அப்போது எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. இன்றைக்கு எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் சொன்ன வார்த்தையை விட்டுக்கொடுக்க வீம்பு விடவில்லை, அதனால்தான் எட்டு நாளும் நானே ஓட்டிவிட்டால் வார்த்தையும் தப்பாது, டூரும் போனதாகும் என்று கணக்குப் போட்டேன். பார் உன் அப்பனின் மூளையை.

ஒன்பது நாளுக்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உனக்குப் போன் போட்டேன், நீ ஆஸ்பத்திரி டூட்டியில் இருந்தாய், அவர் எடுத்தார். வழக்கமாக, பிரியா வந்ததும் பேசச் சொல்லுங்க என்று வைத்துவிடுவேன். அன்றைக்கு டூட்டி சார்ட் கையில் இருந்ததால் வாய் சும்மா இருக்கவில்லை, நாலு பத்துக்கு எடுத்தா ஏழரைக்கு டெகாப்போ போயிரலாம்லா என்று கேட்டுவிட்டேன். அவர், மாமா, இங்க விடியுததுக்கே எட்டு மணி ஆவும், அந்த நேரத்துல ரோட்டுல கண்ணுக்கே தெரியாத ஐஸ் கெடக்கும் என்றார். பிறகு அவராகவே சொன்னார், நான் வந்த மொத வருசம் அப்படித்தான் வெள்ளன வண்டிய எடுத்துட்டேன் மாமா, ஒரு வளைவுல அப்படியே சுத்தி வேலியில போயி நின்னுச்சு, பிரியா பக்கத்துல இருந்தா, ரெண்டு பேருக்கும் ஒண்ணும் ஆவல, ஆனா தப்பு என்னுதுதான், ரோட்டு மேலயும் பழி இல்ல, வண்டி மேலயும் பழி இல்ல, அன்னையில இருந்து ஒம்பது மணிக்கு முன்னால நான் சாவியத் தொடுததில்ல. ஏட்டி, நீ இதை ஒரு வார்த்தை எங்களிடம் சொன்னாயா? உன்னை அங்கே வந்து வைத்துக்கொள்கிறேன். ஆனால் போனை வைத்த பிறகு வேறு ஒன்றுதான் மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. முப்பத்தோரு வருஷத்தில் வண்டி மோதினால் டெப்போவில் எழுதிக் கொடுக்கிற விளக்கக் கடிதம் எத்தனை பார்த்திருப்பேன், பிரேக் பிடிக்கவில்லை, ஆடு குறுக்கே வந்தது, மழை, சேறு, சைக்கிள்காரன். நானும் ரெண்டு எழுதியிருக்கிறேன், ரெண்டிலும் ஆடுதான். தப்பு என்னுது என்று ஒரு டிரைவர், அதுவும் மாமனாரிடம், அதுவும் மூன்று வருஷமாக முகம் கொடுக்காத மாமனாரிடம் சொல்லி நான் கேட்டதே இல்லை. மறுநாள் நானே போன் போட்டேன். ஏற்றத்தில் பாரத்தோடு வண்டியை நிறுத்தி எடுப்பது எப்படி என்று அவர் கேட்டார், ஆரியங்காவு மலையில் நான் ஓட்டிய கதை எல்லாம் சொல்லி, வைக்கும்போது பார்த்தால் முக்கால் மணி நேரம்.

அன்று சாயங்காலம் உன் அம்மா ஒன்று சொன்னாள். தபசுக்குக் கொடி ஏறினதும் கோயிலை நூற்றெட்டு தடவை ஆடிச்சுற்று சுற்றுவதாக நேர்ந்திருக்கிறாளாம், முழங்காலை வைத்துக்கொண்டு! எதற்குடி என்றேன். நீங்க அந்தப் பையன் வண்டியில ஏறணும்னுதான், வேற என்ன எனக்குக் கொறச்சல் என்றாள். இப்பவே ஏறுதேன்னு சொல்லிட்டா சுத்தாம இருப்பியா என்றேன். அது எப்படி, நேர்ந்தது நேர்ந்ததுதான், சுத்திட்டுத்தான் வருவேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள், ஆனால் அழுதாள், நான் பார்த்தேன். எனக்கும் கண் நிறைந்துவிட்டது, மாடிக்குப் போய் டயரோடு மல்லுக்கட்டுவது போல நின்றுகொண்டேன்.

ஆகவே திருத்திய சார்ட்டை இதோடு வைத்திருக்கிறேன். புறப்பாடு எல்லாம் 9.30 ஆகிவிட்டது. சமவெளியில் மூன்று நாள் நான் ஓட்டுகிறேன், அதை யாருக்கும் விட்டுத்தர மாட்டேன். நாலாம் நாள் லிண்டிஸ் மலைப்பாதை, அதுதான் இருப்பதிலேயே பனி கொட்டிக் கிடக்கிற வழி என்கிறார்கள், நான் பார்க்கத் துடித்ததும் அதைத்தான். அங்கே என் பெயரை அடித்துவிட்டு, டிரைவர் ஜோஷ்வா என்று மாப்பிள்ளை பெயரை எழுதியிருக்கிறேன். ஒன்று சொல்கிறேன் மக்கா, பஸ் டிரைவர் எவனும் இன்னொருத்தன் ஓட்டுகிற வண்டியில் தூங்க மாட்டான். திருச்செந்தூருக்குப் பயணியாகப் போனாலும் என் வலது கால் தன்னால் பிரேக்கை மிதித்துக்கொண்டே வரும், அம்மாவைக் கேட்டுப் பார். அந்த மலையில் நான் பின்சீட்டில் தூங்கப் போகிறேன். பனியைப் பார்க்காமல் போனாலும் பரவாயில்லை.

நீங்கள் ரெண்டு பேரும் நோய்நொடி இல்லாமல், போகிற பாதையெல்லாம் சாமி துணையிருக்க நல்லபடியாக வாழ வேண்டும், சங்கரநாராயணரையும் கேட்டிருக்கிறேன், அவருடைய வேதக்கோயில் சாமியையும் இந்தத் தடவை சேர்த்தே கேட்டிருக்கிறேன். அம்மாவுக்கு ரப்பர் அடியுள்ள பூட்ஸ் ஆறாம் நம்பர், மறக்காதே. மாப்பிள்ளையிடம் சொல், மலை ஏறும்போது என்னை எழுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
உன் அப்பா
சங்கரசுப்பு
டிரைவர் (ஓய்வு)