நெட்டையின் ரம்பம்

ஜூன் 4, செவ்வாய்

மழை வரும்போல் இருந்தது, வரவில்லை.

காலையில் பள்ளிக்கூடத் தோட்டக்காரரின் புல்வெட்டி. போன வருஷத்துப் பெட்ரோலைத் தொட்டியிலேயே விட்டு வைத்திருக்கிறார். மூடியைத் திறந்ததும் பழைய வார்னிஷ் வாடை. கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி, துளைகளில் காற்று ஊதி மாட்டினேன். கயிற்றை இழுத்ததும் கிளம்பியது. கிளம்பியது கையில்தான் தெரிந்தது. கைப்பிடி அதிர்ந்தது. சரி, ஓடுகிறது.

மத்தியானம் நெட்டை வந்தான். மரம் வெட்டுகிறவன். என் தோளுக்குக்கூட எட்டமாட்டான். அதனால்தான் அந்தப் பெயர். ஆனால் எந்த மரமானாலும் அணில் மாதிரி ஏறிவிடுவான். அவனுடைய சங்கிலி ரம்பம் கிளம்பமாட்டேன் என்கிறதாம். ஏதோ சொன்னான். நான் குனிந்து ஸ்பேனர் தேடுகிற மாதிரி இருந்தேன். அவனே மறுபடி உரக்கச் சொன்னான்: "சனிக்கிழமை பெரிய வேலை இருக்குண்ணே, அதுக்குள்ள வேணும்." இந்த ஸ்பேனர் வித்தை எனக்கு நன்றாகப் பழகிவிட்டது.

மகளுக்குக் குழந்தை பிறந்ததிலிருந்து இவள், என் மனைவி, அங்கேதான் இருக்கிறாள். வீட்டில் ஒரு தட்டு, ஒரு டம்ளர். கழுவுவதற்கும் ஒன்றுமில்லை.

சாயங்காலம் போன் வெளிச்சம் காட்டி அணைந்தது. எடுக்கவில்லை. நேரில் என்றால் உதட்டைப் பார்த்துப் பிடித்துக்கொள்வேன். போனில் அவள் குரல் தண்ணீருக்கடியிலிருந்து வருகிறது. "ம்", "சரி" என்று ஓட்டினால் அது தப்பான இடத்தில் போய் விழுகிறது. போன மாதம் குழந்தைக்குக் காய்ச்சல் என்றாளாம். நான் "ரொம்ப நல்லது" என்றேனாம். மகள் குறுஞ்செய்தியில் திட்டியிருந்தாள். அதற்கப்புறம் எந்த முகத்தோடு எடுப்பது?

ஜூன் 6, வியாழன்

நெட்டையின் ரம்பம் முடிந்தது. பெட்ரோல் குழாய் காய்ந்து வெடித்திருந்தது. கார்புரேட்டருக்குள் இருக்கும் ரப்பர் தகடு அட்டை மாதிரி விறைத்துக் கிடந்தது. இரண்டையும் மாற்றினேன். புது வடிகட்டி, புது பிளக்.

பிறகு ட்யூனிங். பெட்ரோல் குறைந்தால் எஞ்சின் கீச்சென்று அலறும், சூடேறும். கூடினால் தொண்டை கட்டியவன் மாதிரி கரகரக்கும். நடுவே ஓர் இடம் இருக்கிறது. இந்தத் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து அந்த இடத்தைக் காதால்தான் பிடித்து வருகிறேன். கருவி எதுவும் வாங்கியதில்லை. அதில் கொஞ்சம் கர்வம்கூட.

முதலில் கரகரப்பாகவே கேட்டது. பெட்ரோலைக் குறைக்கும் திருகை உள்ளே முடுக்கினேன். இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம். சத்தம் சுத்தமாயிற்று.

ஜூன் 7, வெள்ளி

நெட்டை வந்து ரம்பத்தை இழுத்துப் பார்த்தான். முழு வேகத்தில் முறுக்கிவிட்டு, என்னைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தான். நானும் சிரித்தேன். தலையை ஆட்டி, "எடுத்துட்டுப் போ போ" என்று கையை வீசினேன். பக்கத்துத் தையல்கடை அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

என்ன சொல்லியிருப்பான்? ஏதாவது கேலியாக இருக்கும். அவன் வாய் சும்மா இருக்காது.

இன்று முழுக்க நான் பேசியது அந்த ஒரு வாக்கியம்தான்.

ஜூன் 8, சனி

மறுபடி மனைவியின் அழைப்பு. திரையில் அவள் பெயர் அணையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 10, திங்கள்

இதை நின்றபடியே எழுதுகிறேன். எழுத்து கோணலாகத்தான் வரும்.

நெட்டை வரவில்லை. அவன் மனைவி வந்தாள். ரம்பத்தை ஒரு சாக்கில் கட்டிக்கொண்டு வந்து பணிமேசைமேல் போட்டாள். அழுதுகொண்டே பேசினாள், வேகமாக, முகத்தை முந்தானையில் துடைத்துத் துடைத்து — உதடு தெரிந்தால்தானே எனக்கு! "மெதுவா சொல்லும்மா" என்றேன். அவளுக்கு ஆத்திரம் இன்னும் ஏறியது. தையல்கடை அம்மா ஓடிவந்து, என் முகத்துக்கு நேரே நின்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

சனிக்கிழமை. உச்சியில் நின்று பெரிய கிளை ஒன்றைப் பாதி அறுத்திருக்கிறான். ரம்பம் அப்படியே நின்றுவிட்டது. கயிறு இழுத்தால் அசையவில்லை. அவன் அதோடு மல்லுக்கட்டும்போதே கிளை தானாகக் கிழிந்து, ஊஞ்சல் மாதிரி திரும்பி அவனை அடித்திருக்கிறது. இடுப்பில் கயிறு கட்டியிருந்ததால் விழவில்லை. தோளில் காரை எலும்பு முறிந்துவிட்டது.

போகும்போது அவள் சொன்னது மட்டும் எனக்கு நேராகவே புரிந்தது. அதற்குக் காது வேண்டியதில்லை.

"உங்கள நம்பித்தானே ஏறினாரு."

ஜூன் 11, செவ்வாய்

கடையைப் பாதி சாத்திக்கொண்டு ரம்பத்தைப் பிரித்தேன்.

பிளக் சுண்ணாம்பு போல வெளுத்திருந்தது, சூடு மிஞ்சிய அடையாளம். புகைக்குழாயைக் கழற்றி உள்ளே பார்த்தால், பிஸ்டன் முழுக்கப் பூனை பிறாண்டிய மாதிரி கோடுகள். அலுமினியம் உருகி சிலிண்டர் சுவரில் இழுபட்டிருக்கிறது. பிஸ்டனைச் சுற்றிய வளையம் அதன் பள்ளத்திலேயே ஒட்டிக்கிடக்கிறது.

உண்மையைச் சொல்கிறேன், முதலில் நெட்டைமேல்தான் பழி போடப் பார்த்தேன். எண்ணெய் கலக்காமல் வெறும் பெட்ரோலை ஊற்றியிருப்பான் என்று நினைத்தேன். அப்படியே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். தொட்டியில் மிச்சமிருந்ததில் ஒரு சொட்டை வெள்ளைத்தாளில் விட்டேன். பெட்ரோல் பறந்துபோய் எண்ணெய்க் கறை வட்டமாக நின்றது. ஒழுங்காகத்தான் கலந்திருக்கிறான்.

அடுத்து, எங்காவது காற்று கசிந்து உள்ளே போயிருக்குமோ? துளைகளை அடைத்து, காற்று ஏற்றி, சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தேன். ஒரு குமிழிகூட வரவில்லை.

அப்புறம் மிச்சமிருப்பது என்ன? அந்தத் திருகு. நான் முடுக்கின திருகு. சுத்தமாயிற்று, சுத்தமாயிற்றுன்னு நெனச்சேனே — அது சுத்தமாகல. அது அலறியிருக்கு. அலறினது எனக்குக் கேக்கல. அவ்வளவுதான்.

ஜூன் 12, புதன்

தையல்கடை அம்மாவிடம் கேட்டேன். வெள்ளிக்கிழமை நெட்டை சிரித்துக்கொண்டே என்ன சொன்னான்?

அவர் தையலை நிறுத்தினார். பிறகு, நான் உதட்டைப் பார்க்கும்படி நேராக நின்று சொன்னார். (அவருக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. கேட்டதே இல்லை.)

"'என்னண்ணே, மெஷின் என் மாமியார் மாதிரி கீச்சுனு கத்துதே, இப்படியே விட்டா ஒண்ணும் ஆகாதே?'ன்னு கேட்டாரு. நீங்க சிரிச்சிட்டு, தலைய ஆட்டி, எடுத்துட்டுப் போன்னீங்க."

அவன் கேட்டிருக்கிறான். மரம் ஏறுவதற்கு முன்னாடி என்னிடம் கேட்டிருக்கிறான். நான் சிரிச்சிருக்கேன்.

ஜூன் 13, வியாழன்

நெட்டையின் வீட்டுக்குப் போனேன். ரயில்பாதைக்குப் பின்னால் ஒற்றை அறை. தோளைச் சுற்றிக் கட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். உட்கார்ந்தால் இன்னும் சின்ன ஆளாகத் தெரிந்தான். அவன் மனைவி என்னைக் கண்டதும் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வழியெல்லாம் பேச்சை அடுக்கி வைத்திருந்தேன். எல்லாம் போய்விட்டது. "தப்பு என்னோடது. ட்யூனிங் சரியா வைக்கல," என்றேன்.

அவன் குனிந்தபடி ஏதோ சொன்னான். தேடுவதற்கு அங்கே ஸ்பேனர் எதுவும் இல்லை.

"எனக்குக் கேக்கலப்பா," என்றேன். "நீ அன்னிக்குச் சொன்னதும் கேக்கல. ரொம்ப நாளாவே சரியாக் கேக்கறதில்ல."

அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். மனைவியைப் பார்த்தான். அப்புறம் தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினான்:

"அதைச் சொல்லித் தொலைக்கக் கூடாதாண்ணே! நான் மரத்து மேல நிக்கறவன்! ஊர்ல உங்கள என்ன சொல்றாங்க தெரியுமா? தலைக்கனம் பிடிச்ச ஆளு, கூப்பிட்டாக்கூடத் திரும்பமாட்டாருங்கறாங்க!"

முழுக்கக் கேட்டது. கத்தியதால் வலித்திருக்க வேண்டும், தோளைப் பிடித்துக்கொண்டான். வெளியே வந்து செருப்பைப் போட்டுக்கொண்டு, ரயில் ஒன்று போகும்வரை அங்கேயே நின்றேன்.

தலைக்கனம். நான் பயத்தில் ஒதுங்கியது வெளியிலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியுமோ? என் மனைவிக்கும் அப்படித்தான் தெரிந்திருக்குமோ?

ஜூன் 15, சனி

காது டாக்டர். கண்ணாடி வைத்த சின்ன அறையில் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். கொஞ்ச நேரம் அழுத்தினேன். அப்புறம் வெகுநேரம் ஒன்றுமே வரவில்லை. "உங்க மெஷின் ரிப்பேரா?" என்று கேட்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்த பெண் சிரிக்கவில்லை.

மெல்லிய, கூர்மையான சத்தமெல்லாம் போய்விட்டதாம். அடிக்குரல்தான் மிச்சம். எஞ்சின் பக்கத்திலேயே காதை மூடாமல் நின்றதன் பலன். இடது காது மோசம். வலது காதுக்குக் கருவி வைத்தால் பேச்சு ஓரளவு தேறும். "போனது போனதுதான். இருக்கிறதைக் காப்பாத்திக்குங்க," என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்து விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். எங்கள் வீட்டு மின்விசிறிக்குச் சத்தம் உண்டா? யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை.

ஜூன் 18, செவ்வாய்

புது சிலிண்டரும் பிஸ்டனும் வந்துவிட்டன. வேறு வேலை எதையும் தொடவில்லை.

பிஸ்டன் தலையிலிருக்கும் அம்புக்குறி புகைபோகும் பக்கம் பார்க்க வேண்டும். வளையத்தை விரலால் அமுக்கிச் சிலிண்டருக்குள் நுழைத்தேன். எண்ணெயில் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. இந்த வேலைக்குக் காது வேண்டாம். விரல் போதும். நாள் முழுக்க யாரும் வரவில்லை. யாரும் வந்துவிடக் கூடாதே என்ற பயமும் இல்லை. இது எனக்குப் புதிது.

ட்யூனிங் மட்டும் பாக்கி. சுற்றுவேகம் காட்டும் கருவி ஒன்றுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். ஆனாலும் இந்த ரம்பத்துக்கு எண் மட்டும் போதாது.

ஜூன் 20, வியாழன்

நெட்டைக்குச் சொல்லியனுப்பினேன். வருவான் என்று நினைக்கவில்லை. வந்தான், கட்டோடு. மனைவியும் வந்தாள். வாசலோடு நின்றுகொண்டாள்.

"உன் காது எனக்கு வேணும்," என்றேன். "கீச்சுனா விரலை மேல காட்டு. கரகரன்னா கீழ காட்டு. சரியா இருந்தா உள்ளங்கைய விரி."

"கச்சேரியா நடத்தறோம்?" என்றான். உதடு தெளிவாகத் தெரியும்படி, ஒவ்வோர் எழுத்தாக, ஒன்றாம் வகுப்பு வாத்தியார் மாதிரி.

திருகை நன்றாக வெளிப்பக்கம் தளர்த்திவிட்டுக் கிளப்பினேன். அவன் விரல் கீழே. கொஞ்சம் முடுக்கினேன். கீழே. இன்னும் கொஞ்சம். எனக்கு எல்லாம் ஒரே சத்தம்தான், உள்ளங்கையில் ஒரே அதிர்வு. அவன் முகம் சுருங்கியது. விரல் சட்டென்று மேலே போனது. ஒரு மயிரிழை பின்னால் திருப்பினேன். இன்னொரு மயிரிழை. அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். மெதுவாகக் கையை விரித்தான்.

ஒரு கட்டையை அறுத்துப் பார்த்து, அணைத்து, பிளக்கைக் கழற்றினேன். நல்ல பழுப்பு நிறம். கருவி வந்தபிறகு அதையும் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ரம்பத்தைக் கையில் கொடுப்பேன் என்றேன். சரி என்றான்.

"திரும்ப மரம் ஏறுவியா?"

"டாக்டரு பொறுத்துப் பார்க்கலாங்கறாரு. இவ ஜென்மத்துக்கும் வேணாங்கறா." வாசலைக் காட்டினான்.

அவள் என்னோடு பேசவில்லை. இனி பேசுவாள் என்றும் எனக்குத் தோன்றவில்லை. அது நியாயம்தான்.

ஜூன் 23, ஞாயிறு

பேருந்து பிடித்து மகள் வீட்டுக்குப் போனேன். முன்கூட்டிச் சொல்லவில்லை.

மனைவிதான் கதவைத் திறந்தாள். இளைத்திருக்கிறாள். "இப்பதான் வழி தெரிஞ்சுதா?" என்றாள். உள்ளே திரும்பி நடந்துகொண்டே ஏதோ சொன்னாள். முதுகு பேசினால் எனக்கு எப்படிப் புரியும்?

தோளைத் தொட்டுத் திருப்பினேன். சொன்னேன். போனை எடுக்காததன் காரணம், "ரொம்ப நல்லது" என்றதன் காரணம், நெட்டை, டாக்டர், எல்லாவற்றையும் நின்றபடியே.

அப்புறம், "நான் இல்லாம நிம்மதியா இருக்கீங்கன்னு நெனச்சேன்," என்றாள். "போனப் பார்த்துட்டு வேணும்னே வச்சிடறீங்கன்னு நெனச்சேன்."

பார்த்துவிட்டு வைத்தது உண்மை.

மகள் குழந்தையைக் கொண்டுவந்து மடியில் வைத்தாள். என் முகத்தைக் கண்டதும் வாயை அகலத் திறந்து அழுதது. முகம் சிவந்தது, கால் உதைத்தது. சத்தம் மட்டும் எங்கேயோ மூன்றாவது வீட்டில் அழுவது போல. குனிந்து வலது காதை அதன் வாயருகே கொண்டுபோனேன். மகள் சிரித்தாள். இவள் சிரிக்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் 24, திங்கள்

அவள் என்னோடு வரவில்லை. குழந்தையை விட்டுவிட்டு உடனே எப்படி வருவாள்? "யோசிக்கறேன்" என்றாள். எதை யோசிக்கிறாள் என்று கேட்கவில்லை.

ஜூலை 9, செவ்வாய்

வலது காதில் கருவி. செருப்பு தேய்வது, பை சரசரப்பது, எல்லாம் எரிச்சலாகக் கேட்கிறது. எஞ்சின் ஓடும்போது கழற்றிவிட்டுக் காதுமூடி போடுகிறேன். தையல்கடை மெஷின் இத்தனை நாளும் இப்படியா கடகடத்தது? அந்த அம்மாவிடம் சொன்னேன். "எண்ணெய் போட்டுக் குடுங்களேன்," என்றார். போட்டுக் கொடுத்தேன்.

ஜூலை 21, ஞாயிறு

இவள் நேற்று வந்தாள். பெரிய பையோடு.

சாப்பிடும்போது எதிரே உட்காராமல், தட்டை எடுத்துக்கொண்டு என் வலப்பக்கம் வந்து உட்கார்ந்தாள். பேச ஆரம்பித்தாள். வீடு கிடக்கிற லட்சணம், நான் மெலிந்தது, மருமகனின் தூக்கம், பேருந்தில் ஜன்னலோரம் கிடைக்காதது, இத்தனை வருஷம் தன்னைப் பைத்தியக்காரி மாதிரி சுவரோடு பேச வைத்தது. திட்டுதான், முக்கால்வாசி. நான் சாப்பிட்டுக்கொண்டே கேட்டேன்.

நடுவில் சத்தம் நின்றது. கருவி செத்துவிட்டதோ என்று விரலால் தட்டிப் பார்த்தேன்.

"நீ நிறுத்திட்டியா, இல்ல எனக்குத்தான் கேக்கலயா?" என்றேன்.

"நிறுத்திட்டேன்," என்றாள்.