மூன்றாம் ஷெட்டில் விளக்கை அணைத்துவிட்டேன்

எனக்கு நான்கு வருடம் முன்னால் பிறந்து, எனக்கு முன்னாலேயே கிளம்பியும் போய்விட்ட என் பிரியமுள்ள அக்காவுக்கு,

மார்கழி வந்துவிட்டது. கொல்லிமலைப் பக்கமிருந்து இறங்குகிற பனியில், சேந்தமங்கலம் ரோட்டில் காலை எட்டு மணிக்கும் லாரிகள் விளக்கைப் போட்டுக்கொண்டுதான் வருகின்றன. சாயங்காலம் ஆறரைக்கெல்லாம் நல்ல இருட்டு. நீ இல்லாத முதல் குளிர்காலம் இது. எனக்குப் பயமாக இருக்கிறது. சுற்றி வளைக்கத் தெரியவில்லை, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பன்னிரண்டு நாளாக நம் பண்ணையில் மூன்றாம் ஷெட்டில் விளக்கில்லை. அணைத்தது நான்தான். வருடா வருடம் இதற்காக உன்னோடு மல்லுக்கு நின்ற அதே நான்தான். உள்ளே இருப்பவை போன வைகாசிக்கு முந்தின வைகாசியில் நீ ஒவ்வொன்றாக எடுத்து, அலகைத் தண்ணீரில் நனைத்து இறக்கிவிட்ட குஞ்சுகள். நீ உன் கையால் இறக்கிய கடைசிக் குஞ்சுகள். அவற்றை நான் காப்பாற்றுகிறேனா, கொல்கிறேனா? தெரியவில்லை அக்கா.

உனக்குத் தெரியாததா? ஆனாலும் இதைப் படிக்கிற நாலு பேருக்காகச் சொல்கிறேன். முட்டைக்கோழிக்குப் பதினாறு மணி நேரம் வெளிச்சம் வேண்டும். குளிர்காலத்தில் பகல் சுருங்குவதால் விடியுமுன்னும் பொழுது சாய்ந்த பிறகும் பல்பு எரியவிடுவோம். வெளிச்சம் குறைந்தால் கோழி முட்டையை நிறுத்திவிடும்.

நீ மட்டும் மார்கழி பிறந்தால் வயதான கோழிகள் இருக்கிற ஷெட்டில் விளக்கை நிறுத்திவிடுவாய். தீவனத்தைக் குறைத்துத் தவிடும் கம்பும் போடுவாய். அவை இறகெல்லாம் உதிர்த்து, முட்டையை மறந்து, சும்மா கிடக்கும். இருட்டுக் காலம் கழிந்து புது இறகு முளைத்ததும் மறுபடி முட்டை வைக்கும். ஓடு நல்ல கெட்டியாக இருக்கும்.

"ஊரே கெழட்டுக் கோழியக் கறி வண்டில ஏத்தி உட்டுட்டுப் புதுக் குஞ்சு எறக்குது. நீ என்னமோ அதுகளுக்குத் தாலாட்டுப் பாடறே" என்று கத்துவேன்.

"அதுவும் உசுருதான சாமி. செத்த நேரம் கண்ண மூடிட்டுப் போவுது உடு" என்பாய்.

போன மார்கழியில் இருட்டான ஷெட் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "எனக்கும் இப்படிக் கொஞ்ச நாள் கெடந்து எந்திரிச்சாத் தேவலாம்டி" என்றாய். உனக்கென்ன இறகா உதிர்கிறது என்று சிரித்தேன். உடம்பு சரியில்லை என்று அப்போதே உனக்குத் தெரியுமா? சொல்லியிருக்கலாமே! ஆடியில் உன்னை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தபோதும் நான் தீவன லாரிக்காரனோடு போனில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தேன்.

நீ போனபிறகு நான் உட்காரவேயில்லை. காரியம் முடிந்த மறுநாளே தீவனம் அரைக்கிற மிஷின் பக்கம் போய் நின்றுகொண்டேன். ஐப்பசியில் பகல் குறையத் தொடங்கியதும் என்னவோ பதறியது. மூன்று ஷெட்டிலும் டைமரைத் திருப்பி ஒரு மணி நேரம் வெளிச்சத்தைக் கூட்டினேன். பிறகு இன்னும் ஒரு மணி நேரம். பல்பையும் பெரிதாக மாற்றினேன். முட்டை கூடும் என்று பண்ணை வேலைக்கு இருக்கும் மாதேசனிடம் சொன்னது பொய். எனக்கு இருட்டைப் பார்க்கப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். வீட்டிலும் டியூப்லைட்டை அணைக்காமலே படுத்தேன். தூக்கம் எங்கே வரும்?

கோழிகளால் தாங்க முடியவில்லை. அதிலும் மூன்றாம் ஷெட் கோழிகள் ஒன்றையொன்று ரத்தம் வரக் கொத்த ஆரம்பித்தன. ட்ரேயில் அடுக்கும்போதே முட்டை ஓட்டுக்குள் விரல் போனது. ஒரு நாள் காலையில் மாதேசன் செத்த கோழிகளைக் கூடையில் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். இருபது வருடமாக நம்மிடம் வேலை பார்க்கிற மனிதர், ஒரு நாளும் என்னிடம் குரலை உயர்த்தியதில்லை.

"ஏனுங்கம்மிணி, பெரியம்மிணி இருந்தா இதப் பாத்துட்டு இருப்பாங்களா? எந்நேரமும் பல்ப எரியவுட்டா அதுக எப்பத்தான் கண்ண மூடும்? உங்க மூஞ்சியக் கண்ணாடில பாத்தீங்களா?"

"அப்ப அத்தனையும் கறி வண்டில ஏத்தி அனுப்பிருங்க!" என்றேன்.

"கோழிய அனுப்பிரலாமுங்க. உங்கள எங்க அனுப்பறது?"

அன்று சாயங்காலமே மூன்றாம் ஷெட்டின் டைமரை நிறுத்தினேன்.

நிறுத்திய பிறகுதான் எனக்கு எதுவுமே தெரியாது என்பது உறைத்தது. எத்தனை நாள் தவிடு? ஓடு கெட்டிப்படத் தீவனத்தில் கலக்கிற கிளிஞ்சல் எவ்வளவு? எல்லாம் உன் கைப்பதம், எங்கேயும் எழுதி வைக்கவில்லை. கூட நின்று சண்டை போட்டேனே தவிர, ஒரு நாளாவது கவனித்தேனா? மூன்றாம் நாள் இரண்டு கோழி செத்தன. என் கை தானாகச் சுவிட்சுக்குப் போய்விட்டது. போட்டுவிட்டால் போதும், பயம் போய்விடும் என்றிருந்தது. போடவில்லை. வாசற்படியில் அப்படியே உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரம் சலசலப்பு கேட்டது. பிறகு அதுவும் அடங்கியது. குளிர் காலிலிருந்து ஏறியது. அந்த இருட்டில் நீ வந்துவிடுவாயோ என்று பயந்தேன், வராமலே போய்விடுவாயோ என்றும் பயந்தேன். அழுதேன் அக்கா. ஐந்து மாதம் கழித்து, வாய்விட்டு அழுதேன். டார்ச்சோடு வந்த மாதேசன் என்னைப் பார்த்ததும் அதை அணைத்துக்கொண்டு திரும்பிப் போனார். அன்று வீட்டு லைட்டையும் அணைத்துவிட்டுப் படுத்தேன். எழுந்தபோது வெயில் முகத்தில் அடித்தது.

இன்று காலையில் மூன்றாம் ஷெட்டில் ஒரு முட்டைகூட இல்லை. கூண்டுக்கடியில் இறகு குவிந்து கிடக்கிறது. கழுத்தெல்லாம் மொட்டையாக, பார்க்கச் சகிக்காமல் நிற்கின்றன. இப்படித்தான் இருக்க வேண்டுமா, இல்லை நான் எதையோ தப்பாகச் செய்துவிட்டேனா? மாதேசன் சரியாகத்தான் இருக்கிறது என்கிறார். எனக்காகச் சொல்கிறாரோ என்று சந்தேகம்.

ஒன்று மட்டும் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். பயத்தோடுதான் கொடுக்கிறேன். இவை இனி ஒரு முட்டைகூட வைக்காவிட்டாலும் பரவாயில்லை. இந்த இருட்டு தானாக விலகும்வரை அங்கே தூங்குகிற யாரையும் எழுப்ப மாட்டேன், என்னையும் சேர்த்து.

சண்டை போட ஆளில்லாமல் தவிக்கிற
உன் தங்கச்சி,
சாந்தாமணி